குதிரையின் பெயர் தெரிந்தவர்கள்

அன்று காலை வந்த மெயிலில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் சல்லடை அதை இரண்டாம் முறை படித்தாள்.

எட்டு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது மெயில்களில் உள்ள குறைகள்தான். குதிரை வளர்க்கும் ஆன்லைன் விளையாட்டு ஒன்று. அதை ஆடுகிறவர்களுக்கான உதவி மேசைக்கு அவள் பொறுப்பு. ஆட்டக்காரர்களை ஏமாற்றிப் பாஸ்வேர்டைப் பிடுங்க வரும் போலி மெயில்களை அவர்களே அவளுக்கு அனுப்பி, இது உங்களுடையதுதானா என்று கேட்பார்கள். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இல்லை, தொடாதீர்கள் என்று பதில் எழுதுவாள். இலவசமாகச் சேணம் தருகிறேன் என்பான் ஒருவன். இன்று மாலைக்குள் உங்கள் கணக்கை மூடிவிடுவோம் என்று மிரட்டுவான் இன்னொருவன். கம்பெனி முகவரி மாதிரியே ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு யோக்கியன் வேஷம் போடுவான் மூன்றாமவன். எதுவும் அவளிடம் தப்பாது. அதனால்தான் ஆபீசில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

இன்று வந்த மெயிலில் இலவசம் இல்லை, மிரட்டல் இல்லை. 'வணக்கம். மேகக்குட்டி நலமா? லாயத்துக்குப் புதிய பூட்டுப் போடுகிறோம். வசதிப்படும்போது கீழே உள்ள பக்கத்துக்கு வந்து பழைய பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரமில்லை.' அவசரமில்லை என்று எழுதுகிற திருடனை அவள் அதுவரை பார்த்ததே கிடையாது.

அதைவிட மோசம், குதிரையின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் விதி அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் முதல் குதிரைக்கு ஒரு பெயர் வைப்பார். மற்ற ஆட்டக்காரர்களுக்குக் குதிரையின் எண் மட்டும்தான் தெரியும். பெயர், அதை வைத்தவருக்கும் கம்பெனிக்கும் மட்டுமே தெரியும். அதனால் கம்பெனியின் மெயில் எல்லாமே குதிரையை நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்கும். 'உங்கள் குதிரையின் பெயர் தெரியாதவர் நாங்கள் இல்லை' என்று அவள் எழுதிய வாசகத்தை நாலு வருடமாக ஆட்டக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போலி மெயில்காரர்கள் அந்த ஒரு விதியில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவள் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். மெயிலை அனுப்பிக் கேட்டிருந்த ஆட்டக்காரரின் குதிரைக்குப் பெயர் மேகம். மேகக்குட்டி இல்லை. அப்படியானால் கம்பெனியின் கணினியிலிருந்து யாரும் திருடவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை. செல்லப்பெயர் வெளியே எப்படிப் போனது?

உட்கார முடியவில்லை. தண்ணீர் குழாய் வரைக்கும் போனாள், தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள். இன்னொரு முறை போனாள். மூன்றாவது முறை போகும்போது பாதி வழியில் ஞாபகம் வந்து, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

போட்டி. மூன்று வாரத்துக்கு முன்னால் நடத்திய போட்டி. 'உங்கள் குதிரைக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்லுங்கள்' என்று யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பக்கத்தில் அறிவித்தார்கள். நானூறு பேர் எழுதினார்கள், அவரவர் ஆட்டப் பெயரோடு, குதிரைப் பெயரோடு, செல்லப்பெயரோடு. அதில் இருபது கதைகளுக்குப் பரிசு கொடுத்து, பக்கத்தின் உச்சியில் வரிசையாகக் குத்தி வைத்தார்கள். மெயில் முகவரிகள் எப்போதோ எங்கெங்கோ கசிந்துவிட்டவை. அது இந்தத் தொழிலில் பழைய சங்கதி. திருடர்களிடம் இல்லாமல் இருந்தது குதிரைப் பெயர் ஒன்றுதான். வீட்டுச் சாவியை வாசலில் மாட்டச் சொல்லி, அழகாக மாட்டியவர்களுக்குப் பரிசும் கொடுத்த மகராசி யார் என்றால், சல்லடைதான். போட்டி அவளுடைய யோசனை.

முதல் பரிசுக் கதையின் குதிரைக்கு முசுடு என்று பெயர்.

அது சல்லடையின் வீட்டுப் பெயர். அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு, அவள் தங்கைக்கு. இரண்டு பேரும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அந்த விளையாட்டைத் தங்கைக்கு அறிமுகம் செய்ததே அக்காதான். பேச்சு நின்ற பிறகும் தங்கை ஆடிக்கொண்டுதான் இருந்தாள் என்பது போட்டிக்கு வந்த கதைகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. 'என் அக்கா மாதிரியே இந்தக் குதிரையும் காலையில் எழுந்தால் யார் மீதாவது எரிந்து விழும்' என்று ஆரம்பித்து, பச்சைக் குடைக்கு இருவரும் அடித்துக்கொண்டது, சைக்கிளிலிருந்து விழுந்து தங்கையின் முன்பல் உடைந்தது, உடைந்த பல்லை அக்கா தீப்பெட்டியில் வைத்திருந்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். 'அவளைத் திட்ட ஆளில்லாத நாளில் இதன் மேல் ஏறிக்கொள்வேன்' என்று முடித்திருந்தாள். அதைப் படித்துவிட்டுச் சல்லடை கழிவறைக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து, 'வாழ்த்துகள். உதவிக் குழு' என்று பதில் அனுப்பினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

பத்தரை மணிக்குள் அதே மாதிரி ஆறு மெயில்கள் மேசைக்கு வந்துவிட்டன. இரண்டு பேர் ஏமாந்தும் போயிருந்தார்கள். பாஸ்வேர்டு கையில் கிடைத்த ஐந்தாவது நிமிடம் திருடர்கள் குதிரையைச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிடுவார்கள். வாங்கியவர் புதுப் பெயர் வைத்ததும் பழைய பெயர் அழிந்துவிடும். பிறகு கம்பெனியே நினைத்தாலும் மீட்க முடியாது. முசுடு என்ற பெயர் அப்படி யாரோ ஒருவன் கையில் அழிவதை நினைத்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கையிடம் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பெயர்தான்.

மேலாளரின் அறைக்குள் போய் நின்றுகொண்டே சொன்னாள். போட்டியையும் சொன்னாள், யாருடைய யோசனை என்பதையும் சொன்னாள். மேலாளர் கோபம் வந்தால் கழுத்தைச் சொறிகிறவர், சொறிந்தார். அந்தப் பக்கத்தை உடனே எடுக்கச் சொல்லிவிட்டு, கணக்குகளைப் பூட்டவும் சந்தையை மூடவும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அது உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தது. அங்கே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காவலாளி மட்டும் எடுத்து, நாலு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றான்.

"எல்லாருக்கும் எச்சரிக்கை மெயில் அனுப்பிடு" என்றார் மேலாளர்.

"குதிரை பேர் போட்டா, போடாமலா?"

மேலாளர் விழித்தார்.

"பேர் போட்டா திருடனோட மெயில் மாதிரியே இருக்கும். போடலைன்னா, பேர் இல்லாத மெயிலை நம்பாதீங்கன்னு நாலு வருஷமா நான்தான் சொல்லிட்டிருக்கேன். அழிச்சிடுவாங்க."

மேலாளர் மறுபடியும் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் வேலையைப் பற்றி நாளைக் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது மனதில் ஒட்டவில்லை.

லாயக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் புரோகிராமர், விளையாட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு லாயத்துக் கதவிலும் ஓர் எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிட்டார். நல்ல யோசனைதான். ஆனால் போலி மெயிலைத் திறக்கிறவர் லாயத்துக்கு வருவதில்லை, நேரே திருடன் வீட்டுக்குப் போகிறார். கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. பரிசாகக் குதிரைப் படம் போட்ட கோப்பை அனுப்புவதற்காக, அந்த இருபது பேரிடம் மட்டும் போன் நம்பரும் வீட்டு முகவரியும் வாங்கியிருந்தார்கள். திருடனும் உச்சியில் இருந்த அந்த இருபதிலிருந்துதான் ஆரம்பித்திருந்தான். லாயக்காரர் கீழே இருந்து பத்துப் பேரை எடுத்துக்கொண்டார். மேலே இருந்த பத்தும் அவளுக்கு வந்தது.

அவள் இரண்டாவது நம்பரிலிருந்து ஆரம்பித்தாள்.

'நாங்கள் ஒருபோதும் உங்களுக்குப் போன் செய்ய மாட்டோம்' என்று எழுதி வைத்ததும் அவளேதான். ஆட்டக்காரர்கள் அவளைவிட விவரமாக இருந்தார்கள். ஒரு பல் மருத்துவர், உங்களை மாதிரி ஆட்களைப் பிடிக்கத்தான் காத்திருந்தேன் என்று சொல்லி அவள் பேசியதைப் பதிவு செய்ய ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற கால்பந்து நடுவர் ஒருவர் போனில் விசில் ஊதினார். காது குப்பென்று அடைத்தது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் சொன்ன எச்சரிக்கையைக் கம்பெனிக்கு எழுதிச் சரிபார்த்துக்கொள்கிறேன் என்றாள். எழுதினாள். அது சல்லடையின் மேசைக்கே வந்தது. ஆமாம், உண்மைதான் என்று சல்லடை பதில் போட்டாள். இப்படி நாலு பேரிடம் பேசி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு.

அவள் கண் ஒவ்வொரு தடவையும் பட்டியலின் முதல் வரிக்குப் போய்த் திரும்பியது. அந்த நம்பரைப் பார்க்க அவளுக்குப் பட்டியலே தேவையில்லை. எத்தனையோ நாள் கடைசி எண் வரைக்கும் அழுத்திவிட்டு அழித்திருக்கிறாள்.

லாயக்காரர் தன் பத்தையும் முடித்துவிட்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். முதல் ஆளை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார். பிறகு பார்க்கிறேன் என்றாள். அவர் தன் கணினியில் சந்தைப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். இரண்டாம் பரிசுக் குதிரை பத்து நிமிடத்துக்கு முன்னால் விற்றுப்போயிருந்தது; நடுவருடையது. விசில் ஊதிவிட்டு நேரே போய்ப் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார் மனுஷன். திருடன் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இனி வரிசையாகப் போய்விடும் என்றார் லாயக்காரர். சல்லடை போனை எடுத்தாள். முதல் தடவை தப்பான எண்ணை அழுத்தினாள்.

மூன்றாவது தடவை மணி அடிக்கும்போது எடுத்துவிட்டாள் தங்கை. பின்னால் ஏதோ இயந்திரம் தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. தங்கைக்கு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை என்று யாரோ சொல்லிச் சல்லடை கேள்விப்பட்டிருந்தாள்.

"ஹலோ, யாரு?"

"நான்தான். அக்கா."

தங்கை வைத்துவிடுவதற்குள் சல்லடை அவசரமாகத் தொடர்ந்தாள்.

"குதிரை கம்பெனிலேர்ந்துதான் பேசறேன். உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். அதைத் தொடாதே. போலி."

"அடேங்கப்பா" என்றாள் தங்கை. "குரலை அப்படியே புடிச்சிருக்கீங்களே."

அந்த 'ங்க' சல்லடையின் முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. குரலை மெஷினிலேயே செய்கிற காலம் இது என்றும், போன மாதம் தங்கள் அச்சகத்திலேயே ஒருவருக்கு அவர் மகன் குரலில் போன் வந்தது என்றும் தங்கை நிதானமாக விளக்கினாள். சல்லடை, முசுடு என்ற பெயரைச் சொன்னாள். அதை நானே ஊரறிய எழுதிப் போட்டேனே என்றாள் தங்கை. பச்சைக் குடையைச் சொன்னாள். அதுவும் கதையில் இருக்கிறது. உடைந்த பல்லைச் சொன்னாள். தீப்பெட்டியோடு சேர்த்துக் கதையில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த அத்தனையையும் தங்கை அந்தப் பக்கத்தில் கொட்டி வைத்திருந்தாள், அதை உச்சியில் குத்தி வைத்தது அக்கா.

"கதையில இல்லாதது ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றாள் தங்கை.

கதையில் இல்லாதது ஒன்றுதான் இருந்தது. தங்கை அதைப் பெருந்தன்மையாக விட்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றைத் தங்கை திறந்தாள். அதற்கு முன்னால் மூன்று வேலையை ஆரம்பித்துப் பாதியில் விட்டவள். திறப்பு நாளில் வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்க, புதுச் சட்டங்களின் வார்னிஷ் வாசனைக்கு நடுவில், 'இது எத்தனை மாசத்துக்கு?' என்று கேட்டாள் அக்கா. வேடிக்கையாகத்தான் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கடை பதினாலு மாதம் ஓடியது. மூடிய அன்று சல்லடை எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை தனியாளாகச் சட்டங்களைச் சுமந்து வேனில் ஏற்றினாள். நடுவில் இருந்தது ஒரு தெரு. இவள் அதைக் கடக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் அவளைத் தின்றுகொண்டிருக்கிறது.

"கடை திறந்த அன்னைக்கு எத்தனை மாசத்துக்குன்னு கேட்டேன்" என்றாள் சல்லடை. "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுது. என்னை மன்னிச்சிடு."

லாயக்காரர் நாசூக்காகத் தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை பேசினாள். குரலில் கொஞ்சம் இருந்த ஈரமும் போயிருந்தது.

"இப்ப சந்தேகமே இல்ல. கடைக்கு வந்த யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சிருக்கீங்க. எங்க அக்கா பொறந்ததிலேர்ந்து யார்கிட்டயும் தப்புன்னு சொன்னதில்ல. நான் எழுதினதைப் படிச்சும் ஒரு வார்த்தை எழுதாதவ, இன்னைக்குப் போன் பண்ணி மன்னிப்பு கேப்பாளா? நிஜமான மெயில் என் எதிர்ல திறந்திருக்கு. குதிரையைப் பேர் சொல்லி விசாரிச்சிருக்காங்க. பாஸ்வேர்டு பாதி அடிச்சாச்சு. அதை முடிக்க விடாம தடுக்கத்தானே நீங்க கூப்பிட்டீங்க? வைக்கிறேன்."

காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரிடமும் பணிவாகப் பேசிவந்தவளுக்கு அங்கே அறுந்தது.

"ஏய், கையை எடுடீ அதுலேர்ந்து! அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? யாரோ ஒருத்தன் பூட்டு மாத்தறேன்னா பழைய சாவியை எதுக்குக் கேக்கறான்னு யோசிக்க மாட்டியா? பாதி அடிச்சாளாம். எல்லாத்தையும் பாதி பாதியாவே செய்றவளுக்கு இதை மட்டும் முழுசா முடிக்கணும், அப்படித்தானே? அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு நான் சொல்லட்டுமா? பழைய வீட்டு போன் நம்பர். அதையேதான் பள்ளிக்கூடத்துலேர்ந்து எல்லாத்துக்கும் வச்சிருக்கே, எத்தனை தடவை மாத்துன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன்! மூடு அந்தப் பக்கத்தை. மூடினியா? மூடிட்டேன்னு வாயைத் திறந்து சொல்லு!"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேலாளர் கழுத்தில் வைத்த கையோடு கதவருகே வந்து நின்றார்.

போனில் இயந்திரச் சத்தம் நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். பிறகு மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு ஏதோ ஆனது.

"முசுடேதான்" என்றாள் தங்கை. "மூடிட்டேன்க்கா."

"லாயத்துக்கு நேராப் போய்ப் பாஸ்வேர்டை மாத்து. நான் லைன்லயே இருக்கேன்."

மாற்றினாள். லாயக்காரர் தன் திரையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். முசுடு லாயத்தில் பத்திரமாக நின்றது. சல்லடை அப்படியே மேசை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நீ படிப்பேன்னுதான் அந்தக் கதையை எழுதினேன்" என்றாள் தங்கை. "வாழ்த்துகள், உதவிக் குழுன்னு வந்துது. அன்னைக்கு முழுக்க அதையே பார்த்துட்டிருந்தேன்."

சல்லடைக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னும் ஐந்து பேருக்குப் போன் பண்ண வேண்டும், சாயங்காலம் கண்டிப்பாகக் கூப்பிடுகிறேன், எல்லாம் பேசலாம் என்றாள்.

"ம்ஹூம். போன்ல யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்கன்னு நீதானே எழுதி வச்சிருக்கே?" என்றாள் தங்கை. "நேர்ல வா. அப்பதான் நம்புவேன்."

மிச்சம் ஐந்து பேரிடமும் பேசி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. இரண்டு குதிரைகள் போயின, மூன்று தப்பின. தலைமை அலுவலகம் எழுந்து கணக்குகளைப் பூட்டியது. சல்லடை மேலாளரிடம் போய், நாளைக்கு எது கேட்டாலும் பதில் சொல்கிறேன், இப்போது நான் போக வேண்டும் என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார்.

பையை எடுத்துக்கொண்ட பிறகுதான் தங்கை வீடு மாறிவிட்டது நினைவுக்கு வந்தது. பட்டியலைத் திறந்து முதல் வரியில் இருந்த முகவரியைப் பார்த்தாள். ஆபீசிலிருந்து ஏழு நிறுத்தம்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே முகவரியை அவளே கையால் எழுதி ஒட்டி, ஒரு கோப்பையை அனுப்பியிருந்தாள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டதில்லை. பட்டியலை மூடிவிட்டு, பஸ் பிடிக்கக் கீழே இறங்கினாள்.